வெளிநாட்டு ஃபேஷன் இதழைப் பார்த்து உடை தைப்பது எப்படி: டர்பனில் புதிதாகத் தைக்கத் தொடங்கியவர்களுக்கு

ஃபேஷன் இதழ்களில் பார்ப்பதற்கென்று சில, தைப்பதற்கென்று சில. வித்தியாசம் தெரியாமல் வாங்கினால் காசும் வீண், துணியும் வீண். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் வீட்டில் மெஷின் போட்டு ஆர்டர் எடுப்பவர்கள் முதலில் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். வாடிக்கையாளர் வோக் இதழின் அட்டைப்படத்தைப் போனில் காட்டி, "ஆன்ட்டி, இதே மாதிரி ஒரு கவுன், தீபாவளிக்குள்ள வேணும்" என்பார். அந்தப் படத்தில் பின்பக்கம் தெரியாது, அளவு இருக்காது, துணி இன்னதென்றும் சொல்லியிருக்காது. அப்படிப்பட்ட படத்திலிருந்து உடம்பில் சரியாக உட்காரும் உடைவரை போகும் வழி இது. ரவிக்கையும் பஞ்சாபியும் (சல்வார் கமீஸ்) தைத்துப் பழகியவர் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறோம். மெஷினில் நேர்த்தையல் இன்னும் பழகாதவர் முதலில் அதை முடித்துவிட்டு வரட்டும்.

எந்த இதழ் எதற்கு

பார்ப்பதற்கான இதழ்களில் மூத்தது நியூயார்க்கின் ஹார்ப்பர்ஸ் பஜார், 1867-இல் தொடங்கியது. ஆரம்ப காலத்தில் அதனோடு கட்டிங் தாளும் (வெட்டும் வடிவங்கள் அச்சிட்ட பெரிய தாள்) சேர்ந்தே வந்தது. பிறகு அந்த வழக்கம் போய்விட்டது. வோக் 1892-இல் பிறந்தது. 1909-இல் காண்டே நாஸ்ட் அதை வாங்கிய பிறகு நாடு நாடாகப் பரவியது: பிரிட்டனுக்கு 1916, பிரான்சுக்கு 1920, இந்தியாவுக்கு 2007. பாரிஸில் மரி கிளேர் 1937-இலும் எல் 1945-இலும் வந்தன. எல் இதழின் தென்னாப்பிரிக்கப் பதிப்பு 1996-இல் தொடங்கியது. காஸ்மோபாலிட்டனின் தென்னாப்பிரிக்கப் பதிப்பு 1984-இல் தொடங்கி, 2020-இல் பதிப்பகமே மூடப்பட்டபோது நின்றுபோனது. ஆகவே பழைய பிரதி கிடைத்தால் சரி, புதிதாகத் தேட வேண்டாம். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் வரும் சாரி, 1965-இல் தொடங்கிய ஃபேர் லேடி இரண்டும் இந்நாட்டு உடம்புக்கும் இந்நாட்டுக் கடைத்துணிக்கும் பக்கத்தில் நிற்பவை.

இவற்றிலிருந்து எடுக்க வேண்டியவை நிறம், கழுத்து வடிவம், கை வடிவம், எந்தத் துணியோடு எந்தத் துணி சேர்கிறது என்பவை மட்டுமே. வெட்டும் முறையை இவற்றில் தேடினால் கிடைக்காது.

தையல் கண்ணோடு பார்த்தால், பளபளப்பான இதழ்களைவிடத் தெருப்படம் போடும் இதழ்களே அதிகம் கற்றுத் தரும். லண்டனின் ஐ-டி 1980-இல் தொடங்கியபோது தெருவில் போகிறவர்களைச் சுவரோரம் நிற்கவைத்துத் தலை முதல் கால்வரை நேராகப் படம் எடுத்துப் போட்டது. டோக்கியோவின் ஹராஜுகு பகுதி இளைஞர்களை ஷோயிச்சி ஆவோக்கி அதேபோலப் படமெடுத்து ஃப்ரூட்ஸ் இதழில் 1997 முதல் 2017 வரை வெளியிட்டார். இப்படிப்பட்ட படத்தில் முழு உடையும் தெரியும். நிஜ உடம்பில் துணி எப்படி விழுகிறது, எங்கே சுருங்குகிறது என்பதும் தெரியும்.

ரவிக்கைக் கழுத்து டிசைனுக்கு வெளிநாட்டு இதழே வேண்டாம். ஊரிலிருந்து யாராவது வரும்போது அவள் விகடன் இரண்டு மூன்று கொண்டுவரச் சொன்னால் போதும்.

தைப்பதற்கான இதழ்களில் பெரிய பெயர் ஜெர்மனியின் பூர்தா. ஆஃபன்பர்க் நகரில் ஏன்னே பூர்தா தொடங்கியது. முதல் இதழ் 1950 ஜனவரியில் வந்தது. 1952 முதல் கட்டிங் தாள் சேர்ந்தது. டச்சு மொழியில் நிப்மோட, ஃபின்லாந்திலிருந்து ஒட்டோப்ரே, இத்தாலியிலிருந்து லா மியா பூட்டிக், ஸ்பெயினிலிருந்து பத்ரோனெஸ் ஆகியவையும் இதே வகை. குழந்தை உடைக்கு ஒட்டோப்ரேயை மிஞ்ச ஆளில்லை. ஜப்பானிய இதழான மிஸஸ் ஸ்டைல் புக்கின் வழி வேறு. முழு அளவுத் தாளுக்குப் பதிலாகச் சிறிய வரைபடமும் எண்களும் தருவார்கள், நாம்தான் பெரிதாக வரைந்துகொள்ள வேண்டும். அதற்கு டோக்கியோவின் புன்கா கல்லூரியின் அடிப்படை மேலுடை வரைபடம் தெரிந்திருக்க வேண்டும். புதிய முறையில் அதன் பாதி அகலம் மார்பளவில் பாதியோடு 6 செ.மீ. கூட்டியது. மார்பு 88 என்றால் 44 + 6 = 50. ஊரில் பேப்பர் கட்டிங் படித்து வந்தவருக்கு இது விரைவில் பிடிபடும். மற்றவர்கள் பூர்தாவிலேயே தொடங்குவது நல்லது.

பருவம் தலைகீழ்

இதழ்கள் வடபாதி உலகத்தின் நாட்காட்டிப்படி வருகின்றன. செப்டம்பர் இதழ்தான் அவர்களுக்கு ஆண்டின் பெரிய இதழ். குளிர்காலத் துணி விளம்பரம் முழுக்க அதில்தான். அமெரிக்க வோக்கின் 2012 செப்டம்பர் இதழ் 916 பக்கம். கனத்த கம்பளிக் கோட்டும் பூட்ஸுமாக அது கைக்கு வரும்போது இங்கே வசந்தம் தொடங்கியிருக்கும். ஜோகன்னஸ்பர்க்காரர்கள் அடுத்த குளிருக்கு அதை எடுத்து வைக்கலாம். ஜூலையில்கூட 23 டிகிரி அடிக்கும் டர்பனில் அந்தக் கோட்டை யாரும் ஆர்டர் தரப்போவதில்லை.

எனவே மார்ச் முதல் ஜூன் வரையிலான இதழ்களை வாங்கித் தனியே வையுங்கள். அவைதான் அவர்களுடைய கோடைக்கால இதழ்கள். ஆகஸ்ட் மாதம் எடுத்துத் திறந்தால் தீபாவளி ஆர்டருக்கும், டிசம்பர் கல்யாணங்களுக்கும், தைப்பூசக் காவடிக்கு வரும் உறவினர்களின் உடைக்கும் சரியாக இருக்கும். பூர்தாவின் டிசம்பர் இதழ் மட்டும் விதிவிலக்கு. அவர்கள் பண்டிகை உடை போடும் மாதம் அது, நமக்கும் கல்யாண மாதம். ஆனால் படத்தில் இருப்பது வெல்வெட் என்றால் அதையே வாங்காமல் அதே வெட்டில் கிரேப் அல்லது பருத்திப் பட்டு போடுங்கள். டிசம்பர் புழுக்கத்தில் வெல்வெட் போட்டுக்கொண்டு கல்யாணப் பந்தியில் உட்கார முடியாது.

ஜூலை முதல் சனிக்கிழமை கிரேவில் மைதானத்தில் நடக்கும் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயத்துக்கு உடை கேட்டு வருபவர்கள் தனி ரகம். அங்கே ஒவ்வோராண்டும் ஒரு கருப்பொருள் அறிவிப்பார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இதழைப் புரட்டுங்கள்.

படத்தை நம்பாமல் பார்ப்பது

இதழ்ப் படத்தில் இடுப்பு அவ்வளவு கச்சிதமாக இருப்பதற்குப் பெரும்பாலும் கிளிப்புதான் காரணம். மாடலின் முதுகுப் பக்கம் துணியைப் பிடித்துக் கிளிப் போட்டுத்தான் படம் எடுப்பார்கள். முன்பக்கம் பக்கவாட்டுத் தையல் பின்னால் இழுபட்டிருந்தாலோ, மார்புக்குக் கீழே டார்ட் எதுவும் இல்லாமலே துணி உடம்போடு ஒட்டியிருந்தாலோ அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பொருத்தம் வேண்டுமானால் டார்ட்டோ பிரின்ஸஸ் கட்டோ நாம் சேர்த்தாக வேண்டும். இதை வாடிக்கையாளரிடம் துணி வெட்டும் முன் சொல்லிவிடுங்கள்.

தைக்கும் இதழ் என்றால் வண்ணப்படத்தைத் தாண்டிக் கோட்டுப்படத்துக்குப் போய்விடுங்கள். ஒவ்வொரு உடை மாடலுக்கும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் வெறும் கோட்டில் வரைந்திருக்கும். படத்தில் கூந்தலும் கைப்பையும் மறைத்த ஜிப்பு, டார்ட், இணைப்பு எல்லாம் அங்கே தெரியும். கோட்டுப்படத்தில் பிடிக்காத உடையை வண்ணப்படத்துக்காகத் தைக்காதீர்கள். மாடலும் ஒளியும் தந்த அழகு தைத்த உடையில் வராது.

பார்ப்பதற்கான இதழிலிருந்துதான் எடுத்தாக வேண்டும் என்றால் அளவைக் கணக்கிட ஒரு வழி உண்டு. மாடல் நேராக நிற்கும் படமாக இருக்க வேண்டும்.

1. படத்தில் கழுத்தோரத் தோளிலிருந்து இடுப்புக் கோடுவரை ஸ்கேல் வைத்து அளக்கவும். 6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

2. வாடிக்கையாளர் உடம்பில் அதே தூரத்தை அளக்கவும். 42 செ.மீ. வந்தால் 42-ஐ 6-ஆல் வகுக்க 7 மடங்கு.

3. படத்தில் கழுத்து இறக்கம் 2.5 செ.மீ. என்றால் நிஜத்தில் 17.5. பாக்கெட் இருக்கும் உயரம், யோக் இறக்கம், பொத்தான் இடைவெளி எல்லாவற்றுக்கும் இதே மடங்கு.

4. பாவாடை நீளத்துக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். கேமராவைத் தாழ்த்திப் பிடித்துக் காலை நீளமாகக் காட்டுவது அவர்கள் வழக்கம். "முட்டிக்கு மேலே" அல்லது "கெண்டைக்காலுக்கு நடுவே" என்று உடம்பை வைத்துக் குறித்து, வாடிக்கையாளரிடம் நேரில் அளக்கவும்.

அகலங்களும் இந்தக் கணக்கில் ஏமாற்றும். உடம்பு தட்டையல்ல, சுற்றளவு படத்தில் தெரியாது. அதை வாடிக்கையாளரின் அளவிலிருந்தே எடுக்க வேண்டும்.

சைஸ் எண்ணை நம்பாதீர்கள்

டர்பன் கடைகளில் சட்டை லேபிளில் 32, 34, 36 என்று பார்த்திருப்பீர்கள். பூர்தாவிலும் 34, 36, 38 என்றுதான் இருக்கும். இரண்டும் வேறு. கடையின் 34 ஏறக்குறைய ஐரோப்பாவின் 38. "நான் எப்பவும் 34-தான்" என்று வாடிக்கையாளர் சொன்னதைக் கேட்டு பூர்தாவின் 34-ஐ வெட்டினால் கைகூட நுழையாது. டேப் எடுத்து அளந்தே ஆக வேண்டும். பூர்தாவின் பெண்கள் அளவு செ.மீ.யில் இப்படிப் போகிறது, மார்பு, இடுப்பு, சீட் (பின்புறத்தைச் சேர்த்த சுற்றளவு) என்ற வரிசையில்:

36: 84, 66, 90
38: 88, 70, 94
40: 92, 74, 98
42: 96, 78, 102
44: 100, 82, 106

மேலுடைக்கும் கவுனுக்கும் மார்பளவை வைத்துத் தேர்ந்தெடுங்கள். பேன்ட்டுக்கும் ஒட்டிய பாவாடைக்கும் சீட் அளவு. நம் பெண்களில் பலருக்கு மார்பு 40-இலும் இடுப்பு 44-இலும் வந்து நிற்கும். அப்போது மார்புவரை 40 கோட்டில் வந்து, கைக்குழிக்குக் கீழிருந்து இடுப்பை நோக்கி 44 கோட்டுக்கு மெல்லச் சரித்து, மறுபடி சீட்டில் உரிய கோட்டுக்கு வரவும். பல அளவுக் கோடுகள் ஒரே தாளில் இருப்பதன் பெரிய வசதி இதுதான்.

இந்த அட்டவணை 168 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு. உயரம் 160 செ.மீ. பக்கம் இருந்தால் பாதி எண்ணில் வரும் மாடலைத் தேடுங்கள். 19 என்றால் 38-இன் குட்டை வடிவம். இரட்டை எண் நெட்டையானவர்களுக்கு, 76 என்பது 176 செ.மீ. உயரத்துக்கான 38. குட்டை வடிவம் அந்த இதழில் இல்லையென்றால் பேட்டர்னை நாமே குறைக்க வேண்டும். கீழ் விளிம்பிலேயே 8 செ.மீ. முழுவதையும் வெட்டிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தப்பு. உடையின் இடுப்பு உடம்பின் இடுப்புக்குக் கீழே போய் உட்கார்ந்து, சீட்டுக்கு மேலே துணி மடங்கி நிற்கும். கழுத்தெலும்பிலிருந்து இடுப்புவரை முதுகை அளந்து, பேட்டர்னின் முதுகு நீளத்தோடு ஒப்பிடுங்கள். அங்கே உள்ள வித்தியாசத்தை இடுப்புக்கு மேலே மடித்துக் குறைக்கவும், மீதியைப் பாவாடையில்.

கட்டிங் தாளிலிருந்து நகல் எடுப்பது

இதழின் நடுவில் மடித்து வைத்திருக்கும் தாளை விரித்தால் முதலில் தலை சுற்றும். பல மாடல்களின் கோடுகள் சிவப்பு, கருப்பு, நீலம், பச்சை என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். பயப்பட ஒன்றுமில்லை, ஒழுங்கு இருக்கிறது. அந்தத் தாளைக் கத்தரியால் தொடவே கூடாது. ஒரு மாடலை வெட்டினால் அதே இடத்தில் ஓடும் மற்ற மாடல்கள் எல்லாம் போய்விடும்.

மாடலின் செய்முறைப் பக்கத்தில் நான்கு விவரம் பார்க்கவும்: எந்தத் தாள், எந்த நிறம், எத்தனை துண்டுகள், அவற்றின் எண்கள். பிறகு தாளின் ஓரத்தில் அதே நிறத்தில் அந்த எண்ணைத் தேடுங்கள். அங்கிருந்து நேராக உள்ளே விரலை ஓட்டினால் அதே எண் துண்டின் நடுவே இருக்கும். உங்கள் அளவுக்கான கோடு புள்ளியா, சிறு கோடா, முழுக் கோடா என்பதை விளக்கக் கட்டத்தில் பார்த்து, ஹைலைட்டரால் இரண்டு மூன்று இடத்தில் லேசாகத் தொட்டு வையுங்கள். வளைவு திரும்பும் இடங்களில்தான் பக்கத்துக் கோட்டுக்குக் கண் தாவிவிடும்.

தாளின் மடிப்பை நீராவியில்லாத இளஞ்சூட்டு இஸ்திரியால் தேய்த்துவிட்டு, மேலே டிரேசிங் பேப்பரை விரித்துக் கனமான எதையாவது நாலு மூலையிலும் வைக்கவும். குண்டூசி குத்தினால் தாள் கிழியும். பென்சிலால் வரையுங்கள், பால்பாயின்ட் மை பிறகு துணியில் ஒட்டும். விளிம்பை மட்டும் நகல் எடுத்துவிட்டுப் போனால் தைக்கும்போது தடுமாறுவீர்கள். இவையும் வேண்டும்: துணியின் நேர் காட்டும் அம்புக்குறி, மடிப்பில் வைக்க வேண்டிய ஓரம், டார்ட், ஜிப்பு முடியும் இடம், இணைப்புப் புள்ளிகளின் சிறு எண்கள். 2 என்ற எண் முன்பக்கத்திலும் இருக்கும், அதோடு சேரும் துண்டிலும் இருக்கும். அவை இரண்டும் சந்திக்க வேண்டும்.

சில துண்டுகள் தாளில் எங்கு தேடினாலும் கிடைக்காது. பெல்ட், இடுப்புப் பட்டி, சுருக்கு வைக்கும் ஃபிரில் போன்ற நீள்சதுரங்களுக்குச் செய்முறைப் பக்கத்தில் நீள அகலம் மட்டும் எழுதியிருப்பார்கள். அந்த அளவில் தையலுக்கு விடும் துணி சேர்ந்ததா இல்லையா என்பதும் அந்த வரியிலேயே இருக்கும், படித்துவிட்டு வெட்டுங்கள். கட்டிங் படத்தில் நிழலிட்ட துண்டுகள் ஃபியூசிங் (விறைப்புக்கு ஒட்டும் உள்துணி) ஒட்ட வேண்டியவை.

தையலுக்கு விடும் துணி

பூர்தாவின் தாளில் உள்ள கோடு தையல் கோடு. வெட்டும் கோடு அதற்கு வெளியே, நாம் போட வேண்டியது: இணைப்புகளுக்கு 1.5 செ.மீ., கீழ் மடிப்புக்கும் கை மடிப்புக்கும் 4 செ.மீ. ஒட்டோப்ரேயிலும் இப்படித்தான், விட வேண்டியது எவ்வளவு என்பதைச் செய்முறையில் சொல்வார்கள். உறையில் தனியாக விற்கும் அமெரிக்கப் பேட்டர்ன்களான பட்டரிக், மெக்கால்ஸ், சிம்ப்ளிசிட்டி, வோக் ஆகியவற்றில் 5/8 அங்குலம், அதாவது 1.5 செ.மீ.யை ஒட்டி, ஏற்கெனவே சேர்ந்தே இருக்கும்.

இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். இரு பக்கவாட்டுத் தையல், தையலுக்கு இரண்டு ஓரம், ஆக நான்கு ஓரம். ஓரத்துக்கு 1.5 வீதம் சுற்றளவில் 6 செ.மீ. வித்தியாசம், ஒன்றரை சைஸ். "பேட்டர்னே சரியில்லை" என்று வரும் புகார்களில் பாதிக்குக் காரணம் இந்த 6 செ.மீ.தான்.

சுற்றுத் தளர்வு இன்னொரு சிக்கல். ரவிக்கை தைத்துப் பழகிய கைக்கு உடம்பளவோடு ஒட்டி வெட்டுவதுதான் இயல்பு. பூர்தாவின் நெய்த துணிக் கவுன் அப்படி வராது. மார்பு 92-க்கான பேட்டர்னில் பாதி முன்பக்கம் 25, பாதி பின்பக்கம் 24 என்று அளந்தால் மொத்தம் 98. அந்த 6 செ.மீ. தளர்வு கை தூக்கவும் மூச்சு விடவும் தேவையானது. பெரிதாக இருக்கிறது என்று ஒரு சைஸ் குறைத்து வெட்டினால் கைக்குழி இறுகி, முதுகு குறுக்கே இழுக்கும். மாறாகப் பேட்டர்ன் உடம்பளவைவிடச் சிறியதாக வந்தால் அது நீளும் ஜெர்சித் துணிக்கான மாடல். செய்முறைப் பக்கத்தில் துணி வகை எழுதியிருக்கும். அதை நெய்த பருத்தியில் தைத்தால் போடவே முடியாது.

முதல் முறை ஒரு மாடலைத் தைக்கும்போது, மேலுடையை மட்டுமாவது வெள்ளைக் காடாத் துணியில் நீளத்தையலில் ஓட்டிப் போட்டுப் பாருங்கள். வாடிக்கையாளரின் பட்டுத் துணியில் சோதனை செய்யக் கூடாது.

துணி வாங்கும் கணக்கு

இதழ் சொல்லும் துணி அளவு பெரும்பாலும் 140 செ.மீ. அகலத்துக்கு. இன்று டாக்டர் யூசுஃப் தாதூ தெருவாகிவிட்ட பழைய கிரே தெருவிலோ, ஜோகன்னஸ்பர்க்கின் ஓரியன்டல் பிளாசாவிலோ போய் அதே மீட்டரைக் கேட்டு வாங்கிவந்தால் பல சமயம் போதாது. ஷ்வேஷ்வே என்ற இந்நாட்டு அச்சுப் பருத்தித் துணி 90 செ.மீ. அகலம்தான். சேலைத் துணிகள் 110 முதல் 115 வரை.

140 அகலத்தில் 2.2 மீட்டர் என்றால் 3.08 சதுர மீட்டர். அதை 0.9-ஆல் வகுத்தால் 3.4 மீட்டர். துண்டுகள் குறுகிய துணியில் நெருக்கமாக அடுக்க வராது என்பதால் இன்னும் 15 சதவீதம் சேர்த்து 4 மீட்டர் வாங்க வேண்டும். இது தோராயம். சரியாகத் தெரிய வேண்டுமானால் தரையில் 90 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, வெட்டிய பேப்பர் துண்டுகளை அடுக்கிப் பாருங்கள். வட்டப் பாவாடைத் துண்டு 90-க்குள் அடங்கவே அடங்காது, அப்போது நடுவில் ஒரு தையல் சேர்க்கலாமா என்று துணி வாங்கும் முன்பே தீர்மானிக்கலாம்.

ஷ்வேஷ்வேயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஈஸ்டர்ன் கேப்பில் ஸ்வெலிட்ஷாவில் இருக்கும் டா காமா ஆலை தயாரிக்கும் மூன்று பூனை முத்திரைத் துணி கடையில் அட்டைபோல விறைப்பாக இருக்கும். கஞ்சியின் வேலை அது. அந்த விறைப்பை நம்பி விரிந்து நிற்கும் பாவாடை தைத்தால் முதல் துவைப்பில் துவண்டுவிடும், சுருங்கவும் செய்யும். வாங்கும்போதே 20, 30 செ.மீ. கூடுதலாக வாங்கி, தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, சாயம் விடுவது நின்றபின் காயவைத்துத் தேய்த்து, அதற்கப்புறம் வெட்டுங்கள். விறைப்பு வேண்டுமென்றால் ஃபியூசிங் அல்லது உள்பாவாடையால் கொண்டுவாருங்கள்.

இங்கே அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி, அம்மாவின் பழைய பட்டுச் சேலையை இதழில் உள்ள கவுனாக மாற்ற முடியுமா என்பது. முடியும், மாடலைப் பொறுத்து. சேலைக் கரை நேர்கோடு. அது கவுனின் கீழ் விளிம்பில் வர வேண்டுமென்றால் அந்த விளிம்பும் நேர்கோடாக இருக்க வேண்டும். ஏ-லைன் பாவாடையின் கீழ்ப்பகுதி வளைவு, அதில் கரையை வைக்க வழியில்லை. ஆகவே இடுப்பில் சுருக்கு வைத்த அல்லது பிளீட் வைத்த பாவாடையுள்ள மாடலைத் தேர்ந்தெடுங்கள். அதன் பேட்டர்ன் வெறும் நீள்சதுரம், சேலைக்கென்றே செய்ததுபோல இருக்கும். முந்தியை மேலுடைக்கும் கைக்கும் ஒதுக்கலாம். சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மடிப்பு விழுந்த இடங்களில் பட்டு இற்றுப்போயிருக்கும், அந்தக் கோடுகளைச் சாக்கால் குறித்துத் தவிர்த்து அடுக்கவும். இற்ற பட்டு எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் தையலோரத்தில் கிழியும். உள்ளே மெல்லிய பருத்தி வாயில் லைனிங் கொடுங்கள். பாலியஸ்டர் லைனிங் ஜனவரியில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

பிடிஎஃப்பாக வாங்கினால்

இதழ் தபாலில் வரத் தாமதமாகிறது, விலையும் கூடுதல் என்பதால் மாடலைத் தனித்தனியாக பிடிஎஃப் வடிவில் வாங்குபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பிரின்ட் எடுக்கும்போது அளவு 100 சதவீதம் என்று போடவும். "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வு தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும், அதை அணைக்காவிட்டால் 97 சதவீதத்தில் அடித்துவிடும். மார்பு 92 என்பது 89 ஆகிவிடும். முதலில் சோதனைச் சதுரம் உள்ள ஒரு பக்கத்தை மட்டும் அடித்து ஸ்கேலால் இரு பக்கமும் அளந்து பார்த்தபின் மற்றதை அடியுங்கள். ஏ4 தாள்களை வரிசை வரிசையாக ஒட்டிவிட்டுப் பிறகு வரிசைகளைச் சேர்க்கவும். ஒவ்வொரு தாளாகச் சுற்றிச் சுற்றி ஒட்டினால் கடைசியில் கோடு அரை செ.மீ. விலகி நிற்கும். இதில் தையலுக்கு விட வேண்டியது சேர்ந்திருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாருங்கள்.

பழைய இதழ்களும் விற்பனையும்

பழைய பூர்தா கிடைத்தால் வாங்கலாம், ஒரே நிபந்தனை: கட்டிங் தாள் உள்ளே இருக்கிறதா என்று கடையிலேயே விரித்துப் பார்க்க வேண்டும். தாள் இல்லாத பூர்தா வெறும் படப்புத்தகம். 1980-களின் மாடல்களில் தோள் அகலமாக இருக்கும், உள்ளே வைக்கும் பேட்டுக்காக விட்ட இடம் அது. பேட் வைக்காமல் தைத்தால் தோள் சரியும், ஆகவே தோள் நுனியை உள்ளே கொண்டுவந்து சரிவையும் கூட்டவும்.

பேட்டர்னில் தைத்து விற்கலாமா என்பது இதழுக்கு இதழ் வேறுபடும். வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதியில்லை என்ற வரி பல இதழ்களில் அச்சாகியிருக்கும். கூலிக்குத் தைப்பவர்கள் அதைப் படித்துவிட்டு எடுக்கவும். தாளை நகலெடுத்து விற்பது எப்படியும் கூடாது.

நகல் எடுத்த பேட்டர்னை மடித்து, மாடல் எண், இதழின் மாதம், ஆண்டு, வெட்டிய சைஸ், செய்த திருத்தம் ஆகியவற்றை உறைமேல் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே வாடிக்கையாளர் வந்தால் அளவெடுப்பதோடு வேலை முடிந்தது. இதழ்களைச் சிமென்ட் தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ அடுக்காதீர்கள். கடலோர ஈரத்தில் பளபளப்புத் தாளின் பூச்சு இளகி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காய்ந்தபின் பிரித்தால் படம் உரிந்து வரும். கட்டிங் தாள் சாதாரணக் காகிதம் என்பதால் அதற்கு அந்த ஆபத்து குறைவு, ஆனால் காகிதம் அரிக்கும் வெள்ளிப்பூச்சி மடிப்புகளில்தான் முதலில் குடியேறும். தாளை மட்டும் எடுத்து, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் தனியாக வைத்துக்கொண்டு, இதழில் எந்தப் பெட்டி என்று பென்சிலால் குறித்துவிடுங்கள்.